போட்டோ ஒன்றும் திறக்கவில்லை, பெயருக்குப் பின்னால் ஏதோ நாலு எழுத்து: இது வைரஸா?

ஆல்பம்கடை
29 ஆகஸ்ட் 2022, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். அவசரம். தேவகோட்டை பக்கம் போட்டோ ஸ்டுடியோவும் டிடிபியும் சேர்த்து நடத்துகிறேன். இன்று காலை கடை திறந்து கணினியைப் போட்டால், போன வாரம் எடுத்த கல்யாணப் படங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. படத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. ஜேபெக் என்று முடியும் இடத்துக்குப் பின்னால் வாயில் நுழையாத நாலு எழுத்து ஒட்டியிருக்கிறது. போட்டோஷாப் கோப்பு, பேஜ்மேக்கர் கோப்பு, கணக்கு எழுதி வைத்த எக்செல், எல்லாவற்றுக்கும் அதே வால். வாலை அழித்துப் பெயர் மாற்றிப் பார்த்தேன், அப்போதும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு நோட்பேட் கோப்பு. அதில் 980 டாலர் கேட்கிறான். 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலையாம், 490. ஆடித் தள்ளுபடி முடிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை போல.

கணினி மெதுவாகவும் இல்லை, தொங்கவும் இல்லை. நேற்று சாயந்தரம் வரை நன்றாகத்தான் ஓடியது. புதிதாக நான் எதுவும் போடவில்லை. ஆன்டிவைரஸ் போட்டால் படம் திரும்பி வருமா? பெண் வீட்டில் வெள்ளிக்கிழமை ஆல்பம் கேட்டிருக்கிறார்கள்.

இரவுப்பணி
காலை 9.52

அண்ணே, முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் அணையுங்கள். வெளியே மாட்டியிருக்கும் ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கேமரா கார்டை அந்தக் கணினியில் சொருகவே சொருகாதீர்கள். எதையும் அழிக்க வேண்டாம், ஃபார்மட் வேண்டாம், அவனுக்கு மெயிலும் வேண்டாம். இதைச் செய்துவிட்டு போனிலிருந்து பதில் போடுங்கள்.

தட்டச்சுமணி
காலை 10.05

அண்ணே பயப்படாதீங்க. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் வருவதுதான், ஷார்ட்கட் வைரஸ். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஆட்ரிப் கட்டளை போட்டால் எல்லாம் வந்துவிடும். என் கடையில் வாரத்துக்கு ரெண்டு தடவை போடுகிறேன்.

கீரிமலை
காலை 10.31

தட்டச்சுமணி சொல்லுறது வேறை, இது வேறை. நான் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடக் கணினி ஆய்வுகூடம் பாக்கிறனான். ஷார்ட்கட் வைரஸோட எனக்குப் பத்து வருசப் பழக்கம், அதால சொல்லுறன்.

அது பிள்ளையளின்ர பென்டிரைவில வாறது. திறந்தா ஃபோல்டர் எல்லாம் இருக்கும், ஆனா ஒவ்வொண்டின்ர மூலையிலயும் சின்ன அம்புக்குறி நிக்கும். உண்மையான ஃபோல்டர் அழியேல்லை. அதை ‘மறைவு’, ‘சிஸ்டம்’ எண்டு ரெண்டு அடையாளம் குத்தி ஒளிச்சு வச்சிருக்கும். அம்புக்குறியில தட்டினா ஃபோல்டரும் திறக்கும், அதோட சேந்து ஒளிஞ்சிருக்கிற ஸ்கிரிப்டும் ஓடும். ஃபோல்டர் திறக்கிறபடியா ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. ஆட்ரிப்புக்கு மைனஸ் எச், மைனஸ் எஸ் குடுத்தா அந்த ரெண்டு அடையாளமும் போயிடும், சரி. ஆனா கணினிக்குள்ள டபிள்யூஸ்கிரிப்ட் எண்டு, ஸ்கிரிப்டை ஓட்டுற விண்டோஸ் நிரல் ஒண்டு ஓடிக்கொண்டிருந்தா, பென்டிரைவை நீங்கள் துடைக்கத் துடைக்க அது திரும்ப எழுதும். தட்டச்சுமணி, வாரத்துக்கு ரெண்டு தரம் ஆட்ரிப் போடுறீங்கள் எண்டா வருத்தம் பென்டிரைவில இல்லை, உங்கட கணினியில. டாஸ்க் மேனேஜரில அதை முதல் நிப்பாட்டுங்கோ, ஸ்டார்ட்அப்பில கிடக்கிற ஸ்கிரிப்டை அழியுங்கோ, பிறகு பென்டிரைவைத் தொடுங்கோ.

ஆல்பம்கடை அண்ணைக்கு வந்தது அதில்லை. அதில கோப்பு ஒளிஞ்சிருக்கும், இதில கோப்பே பூட்டுப்பட்டிருக்கு. விலையும் சொல்லிட்டான் எண்டா ரான்சம்வேர், கோப்பைப் பூட்டிக் காசு கேக்கிற வகை.

தட்டச்சுமணி
காலை 10.44

பார்த்தேன். என் கணினியில் ரெண்டு டபிள்யூஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொள்கிறேன்.

இரவுப்பணி
காலை 11.15

அண்ணே, 980, 72 மணி, 490, இந்த வசனம் ‘ஸ்டாப்’ குடும்பத்துடையது. ‘டிஜேவு’ என்றும் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளைத் தேடிப்போகிற வகை இல்லை. வீட்டுக் கணினி, சின்னக் கடை, காலேஜ் பையன்கள், இவர்கள்தான் அதற்குத் தீனி.

ஆன்டிவைரஸ் போட்டால் வைரஸ் போகும், படம் வராது. திருடனைப் பிடித்தாலும் அவன் பூட்டிய பூட்டு பூட்டியபடியேதான் இருக்கும்.

“புதிதாக எதுவும் போடவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்கு இடிக்கிறது. வான்னாக்ரை என்று 2017 மே 12-ல் ஒன்று கிளம்பியது ஞாபகம் இருக்கும். அது யாரும் எதையும் தொடாமலேயே விண்டோஸ் ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஸ்டாப் அப்படி வருவதில்லை. கடைக்குள் இருந்த யாரோ ஒருவர் கையால் அதை ஓட்டியிருக்க வேண்டும்.

மூன்று இடம் பார்த்துச் சொல்லுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ என்று இருக்கும், நேற்று அதில் என்ன பதிவாகியிருக்கிறது? அங்கேயே ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலில் ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? கடைசியாக, சி டிரைவில் ‘சிஸ்டம்ஐடி’ என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கும். அதில் இருக்கும் நீளமான ஐடி எந்த இரண்டு எழுத்தில் முடிகிறது? ஐடி முழுவதையும் இங்கே போட வேண்டாம்.

ஆல்பம்கடை
மதியம் 12.38

ஹிஸ்டரியைத் திறந்து பார்த்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மாலை 4.10-க்கு ‘ஆபத்து கண்டறியப்பட்டது’ என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ‘அலவ்டு’. எக்ஸ்குளூஷன்ஸில் சி டிரைவ் முழுசாக இருக்கிறது.

கடைப் பையன் வேலை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பையன் கிடையாது. நான்தான். ஆல்பம் பக்கம் அமைக்கும் மென்பொருள் ஒன்று, காசு கொடுத்து வாங்க கட்டுப்படியாகவில்லை, யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருந்த இணைப்பில் கிராக் இறக்கினேன். ஜிப் கோப்பு. திறக்க 1234 என்று பாஸ்வேர்டும் பக்கத்திலேயே எழுதியிருந்தது. “ஆன்டிவைரஸ் இதைத் தவறாக வைரஸ் என்று சொல்லும், அணைத்துவிடவும்” என்று போட்டிருந்தான். நானும் அணைத்தேன். சிவப்பாக வந்த எச்சரிக்கைக்கு அனுமதியும் கொடுத்தேன். அப்புறம் விண்டோஸ் அப்டேட் ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி வந்தது. சரி ஓடட்டும் என்று டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் மென்பொருளும் திறக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஐடி ‘டி1’ என்று முடியவில்லை, வேறு எழுத்து. அதைத்தானே கேட்கிறீர்கள்? போனில் தேடிப் பார்த்தேன்.

இரவுப்பணி
மதியம் 1.05

ஒளிக்காமல் எழுதினீர்களே அண்ணே, அதுவே பெரிய விஷயம். இங்கே வருகிற பாதிப் பேர் கடைசி வரை சொல்லமாட்டார்கள்.

அந்த 1234 உங்களுக்காகப் போட்டதில்லை. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப்புக்குள் மெயில் சர்வராலும் பிரவுசராலும் ஆன்டிவைரஸாலும் எட்டிப்பார்க்க முடியாது. நாம் கையால் திறந்து வெளியே எடுத்த பிறகுதான் அது கண்ணில் படும். அப்போதும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடித்தது பாருங்கள், 4.10-க்குச் சரியாகக் கத்தியிருக்கிறது. நீங்கள் பார்த்த அப்டேட் பெட்டியும் பொய். பின்னால் கோப்புகளைப் பூட்டும்போது டிஸ்க் சத்தத்துக்கும் தாமதத்துக்கும் ஒரு காரணம் வேண்டாமா, அதற்காகக் காட்டுவது.

இப்போது படங்கள். ‘டி1’ என்று முடிந்தால் எல்லாருக்கும் பொதுவான ஆஃப்லைன் சாவி. அது எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் இலவச டிக்ரிப்டரில், அதாவது பூட்டைத் திறக்கும் மென்பொருளில், ஏற்கெனவே இருக்கலாம், இல்லாவிட்டால் பிறகு சேரலாம். உங்களுடையது ஆன்லைன் சாவி, உங்கள் கணினிக்கென்றே உண்டாக்கியது, அவன் சர்வரில் இருக்கிறது. அதை உடைத்துத் தருகிறேன் என்று இனி யார் மெசேஜ் அனுப்பினாலும் பிளாக் செய்யுங்கள். அவர்கள் வைரஸ்காரனிடமே பேரம் பேசி இடையில் கமிஷன் அடிக்கிற ஆட்கள். பூட்டிய கோப்புகளை மட்டும் ஒரு டிஸ்க்கில் தனியாக எடுத்து வையுங்கள். போலீஸ் என்றைக்காவது சர்வரைப் பிடித்துச் சாவிகளை வெளியிட்டால் உதவும், வேறு சில ரான்சம்வேர்களில் நடந்திருக்கிறது.

ஆனால் இந்த வகைக்கு ஒரு அவசரப் புத்தி உண்டு. வேகமாக முடிக்க வேண்டும் என்று கோப்பு முழுவதையும் பூட்டாது, முதல் 150 கேபியை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஜேபெக் படத்துக்கு அந்த முதல் பகுதிதான் உயிர், அது போனால் படம் அப்படியே திறக்காது. கேமரா வீடியோ அப்படியில்லை. பல ஜிபி ஓடும் எம்பி4-ல் 150 கேபி ஒரு கீறல்தான். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த ஒரு நல்ல வீடியோவை மாதிரியாகக் கொடுத்தால் சரிசெய்யும் கருவிகள் இருக்கின்றன. பெரிய ஜிப்பாகக் கட்டி வைத்த பழைய வேலை இருந்தாலும் முன்னால் உள்ள ஓரிரு கோப்பு போகும், மற்றவை கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேமரா கார்டு எங்கே? கேமராவில் ஃபார்மட் கொடுத்தாலும் பெரும்பாலும் பட்டியல்தான் அழியும், படம் அடியில் இருக்கும், மேலே புதிதாக எதையும் எடுக்காத வரைக்கும்.

ஆல்பம்கடை
மதியம் 1.12

ரெண்டு கார்டு. முகூர்த்தம் எடுத்த கார்டை ஃபார்மட் பண்ணி டப்பாவில் போட்டிருக்கிறேன், அப்புறம் தொடவில்லை. ரிசப்ஷன் கார்டில் நேற்று காலை ஒரு காதுகுத்து எடுத்துவிட்டேன்.

இரவுப்பணி
மதியம் 1.20

முகூர்த்தக் கார்டில் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளுங்கள். வேறு நல்ல கணினியில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் போட்டு ஓட்டுங்கள். மீட்டதை கார்டிலேயே எழுதிவிடாமல் வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். கோப்பின் பெயர் போய்விடும், படம் வரும். ரிசப்ஷன் கார்டிலும் ஓட்டுங்கள், காதுகுத்து மேலே ஏறாத இடத்தில் இருப்பது கிடைக்கும்.

பாதித்த கணினியில் கார்டைப் போடவே போடாதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்றால், இது டாஸ்க் ஷெட்யூலரில் தன்னைப் பதிந்துகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து புதுக் கோப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும்.

இன்னொன்று. இது தனியாக வருவதில்லை, பாஸ்வேர்டு திருடும் கூட்டாளியையும் கூட்டிவரும். பிரவுசரில் சேமித்த எல்லா பாஸ்வேர்டையும், பேங்க், ஜிமெயில், எல்லாவற்றையும் வேறு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ இன்றே மாற்றுங்கள். கணக்கில் பணம் நகர்ந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

மேகலை
மாலை 4.50

ஒரு சந்தேகம். என் பெரியம்மா கணினியில் வலது கீழ்மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்” என்று நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது. அவர் அதைப் பார்த்துப் பயந்து கணினியைத் தொடுவதில்லை. அதுவும் இந்த ரகமா?

பழையபென்டியம்
மாலை 5.25

இல்லை அம்மா. ஏதோ ஒரு தளம் “அறிவிப்பு அனுப்பலாமா” என்று கேட்டிருக்கும், பெரியம்மா சரி என்று அமுக்கியிருப்பார். குரோம் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் முன்பின் தெரியாத தளப் பெயர்களை எடுத்துவிடுங்கள், நின்றுவிடும். அதில் வரும் எண்ணுக்கு மட்டும் போன் போடாமல் இருந்தால் சரி.

பொதுவாகவே ஒன்று சொல்லிவிடுகிறேன். “கணினி மெதுவாக இருக்கிறது, வைரஸ்” என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலும் 4 ஜிபி ராமும் சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கும்தான். ஆல்பம்கடைக்காரர் முதல் பதிவில் எழுதியதைத் திரும்பப் படியுங்கள், மெதுவாகவும் இல்லை, தொங்கவும் இல்லை. இந்தக் காலத்து வைரஸ் காரியம் முடிகிற வரை சத்தம் போடாது.

நான் நம்பும் அறிகுறிகள் வேறு. டிஃபெண்டர் தானாக அணைந்து கிடக்கிறதா, திரும்பப் போட்டால் போகமாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். எல்லாத் தளமும் திறந்து, ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளம் மட்டும் திறக்கவில்லையா? 2008 கடைசியில் கான்ஃபிக்கர் என்ற புழு வந்தபோது அதற்கு ஒரு பரிசோதனைப் பக்கமே வைத்திருந்தார்கள், கண் டாக்டர் அட்டை மாதிரி. பக்கத்தைத் திறந்தால் இரண்டு வரிசையில் சின்னங்கள். மேல் வரிசையில் ஆன்டிவைரஸ் கம்பெனிகளுடையது. அந்தப் படங்கள் மட்டும் வராமல் கட்டம் காலியாக இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த சோதனை அதுதான். இந்த ஸ்டாப்பும் அதே வேலையை, தளங்களின் முகவரிக்கு விண்டோஸ் முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிச் செய்கிறது என்று படித்திருக்கிறேன். இரவுப்பணி தம்பி திருத்தலாம்.

இரவுப்பணி
மாலை 5.40

சரிதான் ஐயா. பாதிக்கப்பட்டவர் உதவி தேடிப் போகும் தளங்களாகப் பார்த்து அடைத்துவிடும். அண்ணே போனிலிருந்து எழுதும்படி ஆனது அந்த வகையில் நல்லது.

பழையபென்டியம்
மாலை 6.15

நன்றி. கிழவன் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2000 மே மாதம் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரே காலையில் எல்லாருக்கும் காதல் கடிதம் வந்தது. மேலாளரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து காசாளருக்கு. ஐ லவ் யூ வைரஸ். அதன் இணைப்பு டிஎக்ஸ்டி என்று முடிகிற சாதாரண எழுத்துக் கோப்பு மாதிரித் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு வால் இருந்தது, விண்டோஸ் அதைக் காட்டாமல் மறைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, விண்டோஸ் இன்றைக்கும் புதிதாகப் போட்டால் வாலை மறைத்துத்தான் தருகிறது. பிடிஎஃப் சின்னம் வைத்த எக்ஸ்இ கோப்பை ‘பில்’ என்று பெயரிட்டு அனுப்பினால் எத்தனை பேருக்குத் தெரியும்? எக்ஸ்புளோரரில் ‘வியூ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ கட்டத்தில் டிக் போடுங்கள். ஐந்து விநாடி வேலை.

கீரிமலை
இரவு 7.10

சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டல் எண்ட தளத்தில ஏத்திப் பாக்கலாம், எழுபதுக்குக் கிட்ட ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில பாத்துச் சொல்லும். ஆனா வாடிக்கையாளரின்ர அடையாள அட்டை, காணி உறுதி, இதுகளை ஏத்தாதேங்கோ. அங்க ஏத்தினதை வேற ஆய்வாளர்மாரும் இறக்கிப் பாக்கலாம். டிடிபி கடைக்காரர் இதைக் கவனிக்கோணும்.

ஆல்பம்கடை
3 செப்டம்பர் 2022, இரவு 9.30

நிலவரம் சொல்கிறேன். முகூர்த்தக் கார்டிலிருந்து படம் அத்தனையும் வந்துவிட்டது. பெயரில்லாமல், வரிசையும் இல்லாமல் வந்தது. மாலை மாற்றுவதற்கு முன்னால் தாலி கட்டுகிறார்கள். எடுத்த நேரம் பார்த்து அடுக்க ஒரு ராத்திரி ஆனது. வீடியோ சரியாகிவிட்டது. ரிசப்ஷனில் நூறு படத்துக்குக் கொஞ்சம் மேல், அதுவும் பாதிக்குமேல் சாப்பாட்டுப் பந்தி. மேடையில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுகூட இல்லை. பெண்ணின் அண்ணனை நேரில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். “எங்க அப்பத்தா அன்னைக்கு மேடையில ஏறினாங்க, அது ஒண்ணு மட்டும் பாருங்க” என்றார். அது கிடைக்கவில்லை.

வாங்க வேண்டிய தொகையில் பாதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மென்பொருளின் ஒரு வருஷச் சந்தா அதைவிடக் குறைவு.

இரவுப்பணி
இரவு 10.02

விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போட்ட பிறகு ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று டிஃபெண்டரிலேயே ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். நீங்கள் அனுமதித்ததும் மைக்ரோசாஃப்ட் நம்புவதும் தவிர வேறு எந்த மென்பொருளும் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் எழுத முடியாது. முதல் வாரம் போட்டோஷாப்பையே தடுத்து எரிச்சல் மூட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேக்அப் டிஸ்க் நகல் எடுக்கும் நேரம் தவிரக் கழற்றியே இருக்கட்டும். எப்போதும் மாட்டிக்கிடக்கும் டிஸ்க்கும் கூடவே பூட்டப்படும்.

புதுவரவு
19 ஜூலை 2025, காலை 11.20

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். கிராக் எதுவும் போடவில்லை, சத்தியமாக. ஒரு தளத்தில் “நான் ரோபோ இல்லை” பெட்டி வந்தது. நிரூபிக்க விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கு, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்றது. செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் இன்ஸ்டாகிராம் போய்விட்டது, ஓடிபி கூடக் கேட்கவில்லை. டிஃபெண்டர் ஸ்கேன் செய்தால் ஒன்றும் இல்லை என்கிறது.

இரவுப்பணி
மதியம் 12.05

அந்த ரோபோ பெட்டியில் கிளிக் செய்தபோதே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்துவிட்டது. விண்டோஸும் ஆரும் ‘ரன்’ பெட்டியைத் திறக்கும், கன்ட்ரோல் வி அதை ஒட்டும், என்டர் ஓட்டும். வைரஸை உங்கள் கையாலேயே தட்டச்சு செய்ய வைத்த மாதிரி. எந்த உண்மையான தளமும் இந்த மூன்றைச் செய்யச் சொல்லாது.

இப்படி வருவது பெரும்பாலும் லும்மா மாதிரி, கணினியிலிருந்து தகவலைத் திருடும் மென்பொருள். மே மாதம்தான் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவு வாங்கி அதன் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது, அப்படியும் ஒழியவில்லை. பாஸ்வேர்டோடு பிரவுசரின் குக்கீயையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ இருந்தால் ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஆளாகவே தெரியும், ஓடிபி எதற்கு? எடுத்ததும் தன்னை அழித்துக்கொண்டிருக்கலாம், அதனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாதது ஆச்சரியமில்லை. போனிலிருந்து ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ கொடுங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். போடுவதே போடுகிறீர்கள், 11-ஆகப் போடுங்கள். 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது.

புதுவரவு
மதியம் 12.30

நன்றி அண்ணா. ஆல்பம்கடை அண்ணே இன்னும் இங்கே வருகிறீர்களா? அந்த ரிசப்ஷன் படங்கள் அப்புறம் வந்ததா?

ஆல்பம்கடை
இரவு 9.15

வருகிறேன் தம்பி. கடையில் இப்போது ரெண்டு கணினி. நெட் இல்லாத பழையது வாசலில், ஊர் பென்டிரைவ் எல்லாம் அதில்தான். டிசைன் கணினி உள்ளே, அதில் எவன் பென்டிரைவும் ஏறாது. நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று சண்டைதான்.

பூட்டிய ரிசப்ஷன் படங்களை எடுத்து வைத்த டிஸ்க் மேஜை டிராயரில் இருக்கிறது, ஃபார்மட் பண்ணவில்லை. அப்பத்தா போன வருஷம் தவறிவிட்டார்கள். அண்ணன்காரர் ஊருக்கு வரும்போதெல்லாம் கடைப்பக்கம் எட்டிப்பார்ப்பார், கேட்கமாட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அந்த டிக்ரிப்டரைப் புதிதாக இறக்கி ஓட்டிப் பார்க்கிறேன். ஆன்லைன் ஐடி, முடியாது என்றுதான் இந்தத் தடவையும் சொன்னது.